நடுப்பெயர்: அம்மா பிறந்த வீட்டுக்குக் கிடைத்த இடம்

1961 முதல் 1974 வரை அமெரிக்காவில் அடுத்தடுத்துப் பதவியில் இருந்த மூன்று ஜனாதிபதிகளின் முழுப்பெயர்களைப் பாருங்கள். ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடி, லிண்டன் பெய்ன்ஸ் ஜான்சன், ரிச்சர்ட் மில்ஹவுஸ் நிக்சன். முதலில் இருப்பது அவரவருக்கு வீட்டில் வைத்த பெயர். கடைசியில் இருப்பது அப்பா வழியில் வந்த குடும்பப் பெயர். நடுவில் இருப்பது எங்கிருந்து வந்தது? கென்னடியின் அம்மா ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஜான்சனின் அம்மா ரெபேக்கா பெய்ன்ஸ். நிக்சனின் அம்மா ஹன்னா மில்ஹவுஸ். மூவருக்கும் நடுவில் நிற்பது அம்மா பிறந்த வீட்டின் பெயர்தான். இவர்களுக்கு முன்னால் ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட், பின்னால் ரொனால்ட் வில்சன் ரீகன் என்று பார்த்தாலும் அதே கதை. ரூஸ்வெல்ட்டின் அம்மா சாரா டெலனோ, ரீகனின் அம்மா நெல் வில்சன்.

மிடில் நேம் என்று நாம் சொல்லும் நடுப்பெயர், சொந்தப் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையில் வருவது. இவ்வளவுதான் விளக்கம் என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் யார் பெயரை வைக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளைப் பொறுத்தவரை, தாய்வழி உறவு காணாமல் போகாமல் காப்பாற்றி வைத்த இடம் அது என்பதுதான் எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரோமர்களிடமிருந்து வந்ததா?

மூன்று பகுதிப் பெயர் என்றவுடன் பலருக்கும் ரோம் நினைவுக்கு வரும். கையுஸ் ஜூலியஸ் சீசர், மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோ. இதில் கையுஸ் என்பதுதான் சொந்தப் பெயர். ஜூலியஸ் என்பது குலத்தின் பெயர். சீசர் என்பது அந்தக் குலத்துக்குள் ஒரு கிளையின் பெயர். ஆக, நடுவில் இருந்த ஜூலியஸ்தான் அந்தப் பெயரிலேயே கனமான பகுதி, ஒருவர் எந்தக் குலத்தவர் என்று சொல்வது. இன்றைய நடுப்பெயரைப் போல விட்டுவிட்டாலும் பரவாயில்லை என்கிற பகுதி இல்லை அது. ரோமப் பெண்களுக்கோ சொந்தப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஜூலியஸ் குலத்தில் பிறந்த பெண் ஜூலியா. இரண்டு பெண்கள் பிறந்தால் பெரிய ஜூலியா, சின்ன ஜூலியா.

மேற்கு ரோமப் பேரரசு சரிந்த பிறகு இந்த முறையும் மறைந்துபோனது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆளுக்கு ஒரே பெயர்தான். அதனால் இன்றைய நடுப்பெயரை ரோமர்களின் நேரடி வாரிசு என்று சொல்வது சரியாகாது. இடையில் தொடர்பு அறுந்துவிட்டது.

புனிதர், தாத்தா, ஞானத்தகப்பன்

இடைக்காலத்தின் பிற்பகுதியில் இத்தாலியின் வசதியான குடும்பங்கள் குழந்தைகளுக்கு இரண்டு பெயர் வைக்கத் தொடங்கின. அங்கிருந்து அது ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மன் நாடுகள் என்று பரவியது. கத்தோலிக்க நம்பிக்கையில், எந்தப் புனிதரின் பெயரை ஒரு குழந்தை சூடுகிறதோ அவர் அதற்காக இறைவனிடம் பரிந்து பேசுவார். ஒருவர் பேசுவதைவிட இருவர் பேசினால் நல்லதுதானே. அதோடு, பெயரில் இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் தாத்தாவையும், ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனையும் மனம் நோகாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு இசைமேதை மோட்சார்ட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1756 ஜனவரி 27-ஆம் தேதி சால்ஸ்பர்க்கில் பிறந்த அந்தக் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிய பெயர் யோவான்னஸ் கிறிசோஸ்தொமுஸ் வொல்ஃப்காங்குஸ் தியோஃபிலுஸ். ஜனவரி 27 புனித யோவான் கிறிசோஸ்தொமின் திருநாள், அதனால் முதல் இரண்டு பெயர்கள். வொல்ஃப்காங் என்பது அம்மாவின் அப்பா பெயர். தியோஃபிலுஸ் என்பது ஞானத்தகப்பன் பெயர், அதன் லத்தீன் வடிவம்தான் நாம் அறிந்த அமதேயுஸ். பிறந்த நாள், தாத்தா, ஞானத்தகப்பன் மூன்றும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. அவரைக் கூப்பிட்டது தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான்.

ஜெர்மானியர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பல பெயர்களில் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று வீட்டில் முடிவு செய்துகொள்வார்கள், அது முதல் பெயராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் குடும்பத்தில் அப்பா யோஹான் அம்ப்ரோசியுஸ், அண்ணன்கள் யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் யாகோப். வீட்டில் எல்லோருமே யோஹான் என்றால் யோஹான் என்று கூப்பிட்டு என்ன பயன்? ஆளை அடையாளம் காட்டியது இரண்டாவது பெயர்தான். செபாஸ்டியன் என்பது அவருடைய ஞானத்தகப்பன்களில் ஒருவரின் பெயர். ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்களும் இதே வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். அங்கே பழைய பதிவேடுகளில் ஒரே பெற்றோருக்கு நான்கைந்து யோஹான்கள் இருப்பதைப் பார்த்து வம்சாவளி தேடுகிறவர்கள் திகைத்துப்போவது இதனால்தான்.

இங்கிலாந்து நெடுநாள் ஏற்கவில்லை

இங்கிலாந்து இதில் மிகவும் பின்தங்கி வந்த நாடு. வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றறிஞர் 1605-இல் எழுதும்போது, இங்கிலாந்தில் இரண்டு ஞானஸ்நானப் பெயர்கள் வைத்திருப்பது அரிது என்கிறார். அவர் நினைவுக்கு வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். ஒருவர் மன்னர் முதலாம் ஜேம்ஸ், அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சார்ல்ஸ் ஜேம்ஸ். அடுத்தவர் அவர் மகன் இளவரசர் ஹென்றி ஃபிரெடரிக். சாதாரண மனிதர்களில் தாமஸ் மரியா விங்ஃபீல்ட், தாமஸ் பொஸ்தூமுஸ் ஹோபி.

இந்தக் கடைசிப் பெயர் மனதைத் தொடுவது. ஹோபியின் அப்பாவும் தாமஸ்தான். அவர் 1566-இல் பாரிஸில் தூதராக இருந்தபோது இறந்துபோனார். குழந்தை அதற்குப் பிறகு பிறந்தது. பொஸ்தூமுஸ் என்பது தந்தை இறந்த பின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் லத்தீன் பெயர். நடுப்பெயர் என்ற வழக்கமே இல்லாத ஊரில், ஒரு குடும்பம் அந்த இழப்பைக் குழந்தையின் பெயருக்குள்ளேயே எழுதி வைத்தது.

எட்வர்ட் கோக் போன்ற பெரிய சட்ட அறிஞர்களே ஒருவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்றுதான் இருக்க முடியும் என்று எழுதிய காலம் அது. அப்புறம் ஐரோப்பிய அரச குடும்பங்களோடு ஏற்பட்ட சம்பந்தங்கள் வழியாகவும், 1714-இல் ஹானோவரிலிருந்து வந்து அரியணை ஏறிய ஜெர்மன் மன்னர்கள் வழியாகவும் பல பெயர் வைக்கும் பழக்கம் மேல்தட்டில் வேரூன்றியது. மெல்ல மெல்லக் கீழே இறங்கி, 19-ஆம் நூற்றாண்டில் சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஊர்கள் பெருத்து ஒவ்வொரு தெருவிலும் ஒரு ஜான் ஸ்மித் இருக்கத் தொடங்கியதும் ஒரு காரணம். தபால்காரருக்கும் வங்கிக்காரருக்கும் எந்த ஜான் என்று தெரிய வேண்டும் அல்லவா?

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே வேகம்தான். 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் நடுப்பெயர் உள்ளவர்கள் மூன்றே பேர். ராபர்ட் ட்ரீட் பெய்ன், ரிச்சர்ட் ஹென்றி லீ, ஃபிரான்சிஸ் லைட்ஃபுட் லீ. வாஷிங்டன் முதல் மன்ரோ வரை முதல் ஐந்து ஜனாதிபதிகளுக்கும் நடுப்பெயர் கிடையாது. 1825-இல் பதவியேற்ற ஆறாவது ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ்தான் முதலாமவர்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த விதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1767 ஜூலை 11-ஆம் தேதி அவர் பிறந்தபோது, அவருடைய அம்மாவின் தாய்வழித் தாத்தா ஜான் குவின்சி மரணப் படுக்கையில் இருந்தார். அவர் மகள், அதாவது குழந்தையின் பாட்டி, தன் அப்பாவின் பெயரைக் குழந்தைக்கு வைக்கச் சொன்னார். இரண்டு நாளில் முதியவர் காலமானார். அப்பா வழியில் பார்த்தால் குவின்சி என்ற குடும்பப் பெயருக்கு இந்தக் குழந்தையோடு எந்த ஒட்டும் இல்லை. அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அப்பா என்று இரண்டு பெண்கள் வழியாக வந்த பெயர் அது. பாட்டியின் திருமணத்தோடேயே உதிர்ந்திருக்க வேண்டிய பெயர். பின்னாளில் ஆடம்ஸ் தன் பெயரின் இந்தப் பகுதியைப் பற்றி மிகுந்த வாஞ்சையோடு எழுதியிருக்கிறார்.

பெண்கள் இழந்ததும் வைத்துக்கொண்டதும்

ஆங்கிலேய வழக்கப்படி திருமணமான பெண் கணவனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வாள். அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் அன்றோடு வழக்கொழிந்துவிடும். ஆண் வாரிசு இல்லாத வீடு என்றால் பெயரே அழிந்துவிடும். நடுப்பெயர் பரவியபோது, இந்த இழப்புக்கு ஒரு வழி பிறந்தது. மகனுக்கோ மகளுக்கோ தன் பிறந்த வீட்டுப் பெயரை நடுவில் வைத்துவிடலாம். சொத்துக் கணக்கும் இதில் இருந்தது. தாய்வழிச் சொந்தத்தில் பிள்ளையில்லாத பணக்கார மாமா இருந்தால், அவர் பெயரைத் தாங்கிய மருமகனுக்கு உயிலில் ஓர் இடம் கிடைக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், பின்னால் வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அமெரிக்காவில் வம்சாவளி தேடுபவர்கள் ஒரு பெண் எந்த வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க முதலில் பார்ப்பது அவள் பிள்ளைகளின் நடுப்பெயர்களைத்தான்.

பெண்கள் இந்த இடத்தைத் தங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எலிசபெத் கேடி 1840-இல் ஹென்றி ஸ்டான்டனை மணந்தார். திருமதி ஹென்றி ஸ்டான்டன் என்று அழைக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்றே கடைசிவரை எழுதினார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் பெயரிலும் நடுவில் இருப்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். ஹிலாரி ராடம் திருமணத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஹிலாரி ராடமாகவே இருந்தார். கணவரின் அரசியலுக்கு அது இடைஞ்சல் என்று பேச்சு எழுந்த பிறகே ஹிலாரி ராடம் கிளின்டன் ஆனார். அப்போதும் ராடமை விட்டுவிடவில்லை, நடுவுக்கு நகர்த்திக்கொண்டார்.

இந்த வரிசையில் நமக்கு நெருக்கமான ஒருவரும் உண்டு. 1958-இல் கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போன தமிழ்ப் பெண் சியாமளா கோபாலன், தன் இரண்டு மகள்களுக்கும் கமலா தேவி, மாயா லட்சுமி என்று வைத்தார். கடைசியில் இருக்கும் ஹாரிஸ், ஜமைக்காவில் பிறந்த அப்பாவின் பெயர். முதலிலும் நடுவிலும் இருப்பது அம்மாவின் நாடு.

ஒற்றை எழுத்தின் கதை

நடுப்பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி எழுதுவது அமெரிக்கர்களுக்கு மிகவும் பிடித்த வழக்கம். அந்த எழுத்துக்குப் பின்னால் பெயரே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹாரி எஸ். ட்ரூமனின் எஸ்ஸுக்கு விரிவு கிடையாது. அப்பாவின் அப்பா ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், அம்மாவின் அப்பா சாலமன் யங். ஷிப், சாலமன் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. யாரையும் வருத்தப்படுத்தாமல் அந்த எழுத்தை மட்டும் வைத்துவிட்டார்கள். இரு வீட்டாரும் தங்கள் தாத்தாதான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஜனாதிபதியான யுலிசிஸ் எஸ். கிராண்ட் கதை வேறு. அவர் பிறந்தபோது வைத்த பெயர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். 1839-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் ஹேமருக்கு முழுப்பெயர் தெரியவில்லை. அம்மா சிம்ப்சன் வீட்டுப் பெண் என்பது தெரியும். அப்படியானால் நடுப்பெயர் சிம்ப்சனாகத்தான் இருக்கும் என்று எண்ணி யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது. அம்மா வீட்டுப் பெயரை நடுவில் வைப்பது அந்தக் காலத்தில் எவ்வளவு வழக்கமாகியிருந்தது என்பதற்கு இந்தப் பிழையைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

20-ஆம் நூற்றாண்டில் படிவங்களில் இதற்கென்று தனிக் கட்டமே வந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்தில் நடுப்பெயர் இல்லாதவர்களின் பெயருக்கு நடுவே என்எம்ஐ என்று போடுவார்கள், நடு எழுத்து இல்லை என்று பொருள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அரிதாக இருந்தது, இல்லாவிட்டால் இல்லை என்று பதிவு செய்ய வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது.

அதே இடம், வேறு உறவு

மற்ற நாடுகளில் நடுவில் இருப்பதை எல்லாம் மிடில் நேம் என்று எடுத்துக்கொண்டால் தவறிப்போவோம். ஃபிடல் அலெஹாந்த்ரோ காஸ்ட்ரோ ரூஸ் என்ற பெயரில் காஸ்ட்ரோ அப்பாவின் குடும்பப் பெயர், ரூஸ் அம்மாவினுடையது. ஸ்பானிய முறையில் இரண்டும் குடும்பப் பெயர்களே, நடுவில் இருப்பதால் காஸ்ட்ரோ நடுப்பெயர் ஆகிவிடாது. பிலிப்பைன்ஸில் வரிசை மாறும். அங்கே அம்மாவின் குடும்பப் பெயர் நடுவில் வரும், ரொட்ரிகோ ரோவா டுடெர்டேயின் அம்மா ரோவா வீட்டுப் பெண். சீனாவில் ஒரு தலைமுறையின் சகோதரர்கள் எல்லோருக்கும் பெயரில் ஒரு பொது எழுத்து வைப்பார்கள். மாவோ சேதுங்கின் தம்பிகள் மாவோ சேமின், மாவோ சேதான்.

ரஷ்யாவில் நடுவில் வருவது அப்பாவின் பெயர். விளாதிமிர் இலியீச் லெனின் என்றால் இலியாவின் மகன் விளாதிமிர். மகளாக இருந்தால் முடிவு மாறும், இவானின் மகன் இவானவிச், மகள் இவானவ்னா. ஆசிரியரையோ மருத்துவரையோ மரியாதையாக அழைக்கப் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த ரஷ்ய நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ஒரு பெயரிலும் அடுத்த பக்கத்தில் வேறு பெயரிலும் வருகிறாரே என்று குழம்பியதும் இதனால்தான்.

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இதேதான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர், சச்சின் ரமேஷ் டெண்டுல்கர். கரம்சந்த், ராம்ஜி, ரமேஷ் மூவரும் அப்பாக்கள். அங்கே பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் நடுவில் அப்பா பெயர், பின் கணவர் பெயர். 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு அம்மாவின் பெயரையும் அரசு ஆவணங்களில் சேர்க்க மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. வரிசையில் அம்மாவுக்குத்தான் அப்பாவுக்கு முந்தைய இடம்.

நமக்கு நடுப்பெயர் உண்டா?

தமிழர்களின் பெயரில் இன்று பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் நடு என்ற இடமும் இல்லை. முன்னால் இனிஷியல், பின்னால் நம் பெயர். இனிஷியல் அப்பாவுடையது, சில வேளைகளில் ஊரும் சேரும். சி. என். அண்ணாதுரையின் முதல் எழுத்து காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவத்திலிருந்து வந்தது, இரண்டாவது நடராஜன் என்ற அப்பாவுடையது. இதை வெளிநாட்டார் தங்கள் முறைப்படி படிக்கும்போது எல்லாம் தலைகீழாகும். கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜனின் பெயரில் ஸ்ரீனிவாசன் அப்பா. ஆனால் உலகம் அதை அவருடைய முதல் பெயர் என்றும், ராமானுஜனைக் குடும்பப் பெயர் என்றும் எடுத்துக்கொண்டது. சர் சி. வி. ராமனின் சொந்தப் பெயர் வெங்கடராமன். அது வெங்கட, ராமன் என்று இரண்டாக உடைந்து, அப்பா சந்திரசேகரனின் பெயர் முன்னால் நிற்க, வெங்கட என்பது நடுப்பெயர் போல ஆகிவிட்டது.

இன்றைக்கு விசா, கல்லூரி விண்ணப்பம் என்று நிரப்பும்போது இது நடைமுறைச் சிக்கலாகிறது. இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவை இரண்டே கட்டங்கள், குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் மற்றொன்று. நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் எஃப்என்யூ என்று அச்சாகும், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. வேறு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது.

ஆகவே குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே, இனிஷியலை விரித்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது நல்லது. எந்தக் கட்டத்தில் எது என்று ஒருமுறை முடிவெடுத்தால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், டிக்கெட் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படிவத்தில் மிடில் நேம் என்று ஒரு கட்டம் தனியாக இருந்தால், அதைக் காலியாக விடுவதில் பொதுவாக எந்தத் தவறும் இல்லை. அதை நிரப்ப வேண்டுமே என்பதற்காக நம் பெயரை இரண்டாக உடைக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு பெயர் வைக்க ஆசைப்படும் பெற்றோர், அம்மாவின் பெயரையும் யோசிக்கலாம்.